தோற்றவன் முகம்

உன் முகமூடி என் வீட்டில்தான் இருக்கிறது, எவேலியோ.
குளிர்பெட்டிக்கு மேலே,
மருந்துச் சீட்டுகள் திணித்த பிஸ்கட் டப்பாவில்.
கறுப்பு நாரை. அலகுக்கு வெள்ளி நூல்.
இடக்கண் ஓரம் நான் பல்லால் கிழித்த இடம்
இன்னும் பிளந்தபடியே.

அன்று தொர்ரெயோனில் புழுதிக்காற்று.
அரங்கின் தகரக் கூரை இரவெல்லாம் படபடத்தது.
மூன்றாம் சுற்றில் உன்னைத் தோளுக்கு மேல் தூக்கினேன்.
"இடுப்பைப் பார்த்துக்கொள்" என்றாய் காதோரம்.
உன் இடுப்பை அல்ல, என் இடுப்பை.
அப்புறம் விழுந்தாய்.
தாடை மார்பில் ஒட்ட, கைகள் விரிய,
மூச்சை முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டு
ஈரத் துணியை உதறிப் போட்டதுபோல்.
நடுவர் மூன்று எண்ணினார்.
இரண்டிலேயே நீ எழுந்திருக்கலாம்.

நாடாவை நீயே அவிழ்த்தாய்.
வழக்கப்படி ஒலிவாங்கியில் சொன்னாய்:
பெயர் எவேலியோ திஸ்கரேன்யோ ராங்கெல்,
ஊர் சான் பெத்ரோ,
தொழிலில் பத்தொன்பது வருஷம்.
ஆறாயிரம் பேர் பார்த்த அந்த மூஞ்சி
பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்
இறங்கும் முன்னே மறந்துபோகிற மூஞ்சி.
மீசை ஒரு பக்கம் சற்றே தாழ்வு.
ஒரு கிழவர் மட்டும் தொப்பியைக் கழற்றினார்.

மறுநாள் உன் கடன்காரர்களுக்குத் திருநாள்.
டயர் கடைக்காரர், இறைச்சிக் கடை எதெல்மிரா,
வாடகை பாக்கிக்கு அலைந்த வீட்டுக்காரர்,
எல்லோரும் "நீதானா அது!" என்று கட்டிப்பிடித்து அழுதார்கள்,
அழுது முடித்துக் கணக்கு நோட்டை நீட்டினார்கள்.
கொடுத்தாய். கொடுக்க இருந்தது.
முகமூடியைத் தோற்பவனுக்குத்தான் பெரிய தொகையாம்.
ஜெயித்தவனுக்குக் கைதட்டலும் ஒரு முழத் துணியும்.
அது எனக்குத் தெரியவர ஏழு மாதம் ஆனது.

மிச்சப் பணத்தில், கோமேஸ் பலாசியோவில்
பூட்டிக் கிடந்த பருத்தி அரவை ஆலையை வாங்கினாய்.
சுவர் ஓட்டைகளில் இன்னும் பஞ்சு.
நடுவில் வளையம், மூலையில் ஒரு கிழட்டு மின்விசிறி.
செவ்வாயும் வியாழனும் வருவார்கள்:
ஒரு பல் மருத்துவர், இரவு லாரி ஓட்டுகிறவர்,
ஒரே ஆளை மணந்து விவாகரத்தான இரு பெண்கள்.
நாலு மாதம் விழுவது மட்டும்தான் பாடம்.
"தூக்குகிறவன் பெயர் சுவரொட்டியில் வரும்.
விழுகிறவன் கையில்தான்
ரெண்டு பேருடைய முதுகெலும்பும்" என்பாயாம்.

நான் கந்தகன். மஞ்சள் முகமூடி.
அறுபத்தொரு வயதிலும் ஞாயிறுதோறும் அதை மாட்டுகிறேன்.
முட்டியில் தண்ணீர் கோத்திருக்கிறது,
விழுந்தால் இப்போது எலும்பு முதலில் தரையைத் தொடுகிறது.
எத்தனை வருஷம் எதிரெதிர் அறைகளில் உடை மாற்றினோம்!
என் முகத்தை நீ பார்த்ததே இல்லை.
அந்தத் தைரியத்தில்தான், போன செவ்வாய்க்கிழமை
வெறும் முகத்தோடு உன் ஆலைக்கு வந்தேன்.
பெயர் ரோசெந்தோ என்றேன்.
குளிர்பெட்டி ரிப்பேர் செய்பவன் என்றேன்.
ரெண்டுமே உண்மைதான்,
சொல்லும்போது ஏனோ பொய்போல் நாக்கில் வழுக்கியது.

பதிவேட்டில் எழுதிக்கொண்டாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
பிறகு வளையத்துக்குள் கூப்பிட்டு,
எழுபதை நெருங்குகிறவன், சும்மா, எடை பார்க்கிறவன்போல்
என்னைத் தூக்கினாய்.
கால் தரையை விட்டது.
ஒரு நொடி அப்படியே நிறுத்தினாய்.
"இடுப்பைப் பார்த்துக்கொள்" என்றாய்.

விழுந்தேன். மோசமாகத்தான்.
பல் மருத்துவர் ஓடிவந்து என் தாடையைத் திருப்பிப் பார்த்தார்.
நீ மின்விசிறியை நிறுத்தப் போனாய்,
போகிற போக்கில்,
சந்தா வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றாய்.

டப்பா அன்று என் பையில்தான் இருந்தது.
திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.
கிழிசலை முதலில் தைக்க வேண்டும்.
கறுப்பு நூல் வாங்கினேன்.
ஊசியில் கோக்கத்தான்
இந்தக் கண்ணுக்கு நேரமாகிறது.