பதினேழாவது வளைவு

"ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொன்னால் போதாது.
அருளப்பனிடம் நான் முதலில் கேட்டது:
சுத்துதா, சுத்தலையா?
சுத்துது. ஆனா புடிக்கல.
சரி, அப்போது பேட்டரியைத் திட்ட வேண்டாம்,
செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டாம்.
இரண்டையும் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள்
ஐந்து ரோட்டில், ஒன்பதாயிரத்துக்கு.

சுத்தும்போது புகை வருதா?
யோசித்தான். இருபத்தோரு வருடத்துப் பிக்கப்,
புகை இல்லாமல் அதை அவன் பார்த்ததே கிடையாது.
இல்லண்ணா. அப்ப மட்டும் வரல.
வெள்ளையாய் வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை.
ஒன்றுமே வரவில்லையென்றால் டீசலே வரவில்லை.
பாதிச் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

எங்கே நிக்குது?
இதற்கு யோசிக்கவில்லை.
பதினேழாவது வளைவு. ஏறும்போது மட்டும்.
இறக்கத்தில் சௌசௌ மூட்டை கேபின் உயரத்துக்கு இருந்தாலும்
லீ பஜார் வரைக்கும் ஒரு தும்மல் கிடையாது.
அங்க ஒரு முனி இருக்குதுங்க, என்றான்
என் முகத்தைப் பார்க்காமல்.
எலுமிச்சம்பழம் அறுத்து வைத்து
சூடம் கொளுத்தி
ஒரு பீடி முடிந்து இன்னொன்றும் முடிந்தபின்
சாவியைத் திருப்பினால் எடுத்துவிடுமாம்.
நாலு மாசமாக.

பலிக்கிற வேண்டுதலை நான் தள்ளுவதில்லை.
அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகிற எதுவும்
எனக்கு ஒரு துப்பு.

கோரிமேட்டில் உரமூட்டை இருபது ஏற்றிக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.
அடிவாரம் தாண்டி, குரங்குகள் தாண்டி
ஆறாவது வளைவு வரை அவன் பேச்சு ஓயவில்லை.
பதினொன்றில் இன்ஜின் குரல் மெலிந்தது.
பதினைந்தில் மூன்றாவது கியர் தாங்கவில்லை.
பதினாறில் பேச்சு நின்றது,
பதினேழில் வண்டி.

கீழே சேலம், வெள்ளைக்கல் சுரங்கம் வெயிலில் கண்ணைக் கூசியது.
நான் கல்லெடுத்து டயருக்கு முட்டுக்கொடுத்தேன்.
அவன் எலுமிச்சம்பழத்தை எடுத்தான்.

ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அமுக்கினேன்.
உள்ளே போன குமிழ் திரும்பி வரவில்லை,
அந்தப் பக்கம் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி.
லைனில் காற்று புகுந்திருந்தால் தொளதொளவென்று ஆடும்.
இது ஆடவில்லை.
டேங்குக்குப் போய்
மூடியைக் கால் சுற்றுத் திருப்பினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்...
மேலேறி வந்த பைக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவு நீளம்.
காற்று உள்ளே போகிற சத்தம் அது.
குமிழ் எழும்பியது. நாலு அமுக்கு. இறுகியது.
சாவியைப் போடு.
பழம் இன்னும் அறுபடவில்லை. பிடித்துவிட்டது.

மூடி புதுசு. வேறு ஏதோ வண்டிக்கானது,
மூச்சுத்துளை இல்லை.
ஏற்றத்தில் இன்ஜின் குடிக்கக் குடிக்க
டேங்க் வயிற்றை எக்கிக்கொண்டே வந்திருக்கிறது.
இரண்டு பீடி நேரத்தில்
வாஷர் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாய்க் காற்று.

நாலு மாசத்துக்கு முன்னாடி என்ன மாத்தினே என்று
மூன்று தடவை கேட்டிருந்தேன்.
டயர் சொன்னான். வைப்பர் சொன்னான். ஹாரனைக்கூடச் சொன்னான்.

இப்போது சொன்னான்:
அஸ்தம்பட்டி பங்க்கில் டீசல் போடும்போது
பெரியாஸ்பத்திரியிலிருந்து போன்.
மூடி பம்ப்பின் தலைமேல் இருந்தபடியே வண்டியை எடுத்துவிட்டான்.
போய்க் கேட்கத் தோன்றவில்லை.
அப்புறம் ஒரு நாள் செவ்வாய்ப்பேட்டையில் எண்பது ரூபாய்க்கு இது.
அதெல்லாம் ஒரு மாத்தறதுங்களா?

போனில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.
ஸ்பேனர் தேடி சீட்டுக்கடியில் கைவிட்டபோது
ஒரு ஜோடி பெண்கள் செருப்பு, தூசியோடு.
இருந்த இடத்திலேயே விட்டேன்.

ஏற்காட்டில் ஒயரிங்காரரிடம் டிரில் கடன் வாங்கி
ஒன்றரை மில்லி ஓட்டை,
மழை இறங்காதபடி விளிம்புக்கடியில் சரிவாக.
நூற்றைம்பது என்றேன்.
ஒரு ஓட்டைக்கா?
ஆமாம், ஒரு ஓட்டைக்கு.

மிளகு மூட்டை ஏற்றிவிடும் ராக்கம்மா சொன்னாள்,
பதினேழில் இன்னமும் வேகத்தைக் குறைக்கிறானாம்.
நிறுத்துவதில்லை.
ஜன்னல் வழியே போடுகிறான்,
அறுக்காத பழம்,
இரண்டாவது கியரில்.