பதினாலு எழுத்து, ஆறரை கிலோ

புதுப்பேட்டையில் எழுத்தை எடைக்குப் போடுகிறார்கள்.
மூடிப்போன கண்ணாடிக் கடையின் பெயர்,
மாடர்ன் ஆப்டிகல்ஸ்,
இங்கிலீஷில் பதினாலு எவர்சில்வர் எழுத்து,
கோணிக்குள் கொம்பும் வாலுமாய்க் கிடந்தது.

"வேணுங்கறதை மட்டும் பொறுக்கிக்கிறேனே?"
"பிரிச்சுத் தர மாட்டேன்க்கா. மொத்தமா எடு.
மிச்சத்தை நான் யாருக்கு விக்கறது?"
இதாயத்துல்லா தராசில் ஏற்றினான்.
எம்தான் கனம்.
ஐ வெறும் குச்சி, அதற்கும் அதே விலை.

பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை,
மூட்டைக்குக் கேட்டார் கண்டக்டர்.
"பாத்திரமா?"
"எழுத்து."
ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு
அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

ராத்திரி ஜெசிந்தா தூங்கின பிறகு
மூலக்கொத்தளத்து ஒற்றை அறையில்
தரை முழுக்கப் பரப்பினேன்.
கடைக்கு உன் பெயர்தான் என்று
அட்வான்ஸ் கொடுத்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தேன்.
ஜே இல்லை.
எச் இல்லை.
ஏ ஒன்றுதான் இருக்கிறது, அவளுக்கு இரண்டு வேண்டும்.

சரி, இருப்பதில் என்ன இருக்கிறது?
எட்டாவதோடு நின்ற என் இங்கிலீஷ்
செருப்பில்லாமல் கிளம்பியது.
முதலில் வந்தது ரென்ட்.
அதன் பின்னாலேயே லோன்.
டெபாசிட் முழுசாய் வந்தது, ஒரு எழுத்து குறையவில்லை.
எல்லாம் நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட சொற்கள்.
மீல்ஸ் வந்தது, எனக்குச் சமையல் வராது.
எம்மைக் கவிழ்த்தால் டபிள்யூ,
உடனே வாட்டர் வந்தது.
லாரியே வராத தெருவில் அதுவாவது வந்ததே.

ஓப்பன் என்று வைத்தேன். பிடித்திருந்தது.
கலைத்து க்ளோஸ்டு என்று வைத்தேன்.
அதுவும் வந்தது.
இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடிக் கடைக்காரர்
தலைக்கு மேலேயே அந்தச் சொல்லை
மாட்டி வைத்திருந்திருக்கிறார், பாவம்,
ஊர்க் கண்ணையெல்லாம் பரிசோதித்த மனுஷன்.

இரண்டாவது ஓவின் உள்குழிவில்
பல்லி முட்டை ஓடு ஒன்று ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டிக்கொண்டே
எதையும் யோசிக்காமல் காலால் ஒதுக்கினேன்:
எல், இ, எம், ஓ, என்.
லெமன்.
கையிலிருந்த ஓவை எஸ்ஸுக்கும் டிக்கும் நடுவில் வைத்தேன்,
கடைசியில் அந்த ஒற்றை ஏ.
சோடா.
நான் விற்கப்போவதே அதைத்தான்!
மூன்று மாதமாய் எலுமிச்சைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அலைந்தவள்,
பெயருக்காக ராயபுரத்தில்
மெழுகுவர்த்தி வரைக்கும் போய்ப் பார்த்தவள்,
நடு ராத்திரியில் தனியாகச் சிரித்தேன்.
மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

மிஞ்சியது ஐந்து.
ஆர், பி, டீ, ஐ, சி.
டீயைச் சும்மா தனியாக மாட்டினேன்.
"டீயும் உண்டாக்கா?" என்று கேட்டு வருகிறார்கள்,
இப்போது அதுவும் போடுகிறேன்.
பியில் ஈரத்துணி தொங்குகிறது.
ஆர், ஆடுகிற மேஜைக்கு முட்டு.

"என் பேருன்னியே,"
பலகையைப் பார்த்து ஜெசிந்தா கேட்டாள்,
ஒரே ஒரு தடவை.
பிறகு கோலியைக் கட்டைவிரலால் அழுத்தி,
குடித்து,
தெரு திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏப்பம் விட்டாள்.

போன வாரம் சோடா குடிக்க இதாயத்துல்லா வந்தான்.
கல்லா மேல் கிடந்த ஐயையும் சியையும்
புரட்டிப் பார்த்தான்.
"சியில பாதிய அறுத்து
இதுக்கு அடியில வெச்சுப் பத்தவெச்சா
ஜே வந்துடும்க்கா. நாப்பது ரூவா."

இன்னும் கொடுக்கவில்லை.
ஒரு ஜேயை வைத்துக்கொண்டு
மீதிக்கு எங்கே போவது?
ஆனாலும் ஷட்டரை இறக்கும் முன்
ஐக்குக் கீழே சியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறேன்.
காலையில் வந்து பார்த்தால்
சி மட்டும் உருண்டு
எலுமிச்சைக் கூடைக்குள் கிடக்கும்.