மீதி இரண்டு

மாசிக்காய் இடித்தது ஒரு படி,
அன்னபேதி அரைப் படி,
பிசின், புளித்த திராட்சை ரசம்.
எட்டு நாள் ஊறினால்
எந்த வரியையும் மூடும் மை தயார்.

இந்தக் கதையில் யாரையும் கொளுத்தவில்லை.
கொளுத்துவது சதுக்கத்து வேலை,
விறகு வேண்டும், கூட்டம் வேண்டும்.
இது ஃபெராரா மடத்தில்
அறைக்குள் முடிகிற காரியம்:
ஒரு துறவி, ஒரு வாத்து இறகு,
ரோமாபுரியிலிருந்து வந்த பட்டியல்,
நாளுக்கு ஒன்றரை மெழுகுவத்தி.

சகோதரர் ஸெனோபியோவிடம் வந்து சேர்ந்த புத்தகம்
மருத்துவர் தாதேயோ மொரெஸ்கி எழுதியது.
நோயாளி வராத நாளில்
சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.
போ என்றே பெயர் அந்த ஆற்றுக்கு.
போகிற போக்கில் அது
விரற்கடையில் மூன்றிலொரு பங்கு வண்டலை
வருஷா வருஷம் வைத்துவிட்டுப் போகிறதென்று
பதினேழு ஆண்டு குச்சி நட்டு அளந்தார்.
பிறகு கழுதையேறிப் போய்
மலை வெட்டில் கண்டார் அதே வண்டலை,
ஏடு ஏடாக, இடையிடையே கடல் சிப்பி,
இருநூறு முழ உயரத்துக்கு.

முழத்துக்கு இருபத்து நாலு விரல்.
ஆக நாலாயிரத்து எண்ணூறு.
அதன் மும்மடங்கு வருஷம்.
பள்ளிப் பையன் போடுகிற பெருக்கல்தான்.
வேதக் கணக்கிலோ உலகுக்கு
ஆறாயிரம்கூட நிறையவில்லை.

பட்டியல் சொன்னது:
ஐம்பத்தோராம் பக்கம்,
'ஆகவே' முதல் அத்தியாய முடிவு வரை அடிக்க.

அடிக்க வேண்டுமென்றால் வாசிக்க வேண்டும்.
அந்த மாகாணத்தில் அந்தப் புத்தகத்தை
வாசிக்க அனுமதியுள்ள ஒரே ஆள் அவர்.
வாசித்தார். வெள்ளிக்கிழமை.
கீழே விலாங்குக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.
கை நின்றது.
கொள்கையில் அல்ல, கணக்கில்.
எட்டு மூன்று இருபத்து நாலு;
நாலைப் போட்டு
மீதி இரண்டை மறந்துவிட்டிருக்கிறார் மருத்துவர்.
பன்னீராயிரத்து நானூறு என்று அச்சாகியிருக்கிறது.

மடத்து ஆடுகளையும் எண்ணெயையும்
முப்பது வருஷம் எண்ணி எழுதிய கை அது.
தப்பைப் பார்த்துவிட்டுத்
தாண்டிப் போகத் தெரியாத கை.
ஓரத்தில், எறும்பு எழுத்தில்:
14,400.
பிறகு இறகை முழுக்க நனைத்து
பன்னிரண்டு வரியையும் கட்டளைப்படி கறுப்பாக்கினார்.
அந்த எண்ணின் மேல் மட்டும்
இரண்டு தடவை.

'பூமிக்கு இரண்டாயிரம் வயது கூட்டிவிட்டேன் சாமி' என்று
பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருப்பாரா?
மருத்துவரோ பங்குனிக் குளிரில் முழந்தாளிட்டு
தாம் எழுதியது தவறென்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.
எது தவறு என்று
கடைசிவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இரும்பு மை. இரும்பென்றால் துரு உண்டு.
முந்நூற்றைம்பது வருஷம் கழித்து
பஞ்சும் ஜப்பானியக் காகிதமுமாக
நொயேமி அந்தப் பக்கத்தைத் திறக்கிறாள்.
துறவியின் கறுப்பு வெளுத்துக்
காய்ந்த தேயிலை நிறமாகிவிட்டது.
அடியில், விளக்குக்கரியில் அச்சடித்த எழுத்து
அன்று போலவே கறுப்பு.
குச்சி, சிப்பி, கழுதை, எல்லாம் படிக்கலாம்.
மை தேங்கிய ஓரிடத்தில் மட்டும்
அமிலம் காகிதத்தைத் தின்று
எண் இருந்த இடத்தில் ஓட்டை.
அதன் வழியே அடுத்த தாளின் ஒரு சொல் தெரிகிறது:
'மழை'.

ஓரத்து எறும்புகள் போகவில்லை.

அந்த மலைக்கு இன்று சொல்கிற வயது
லட்சங்களில். அது வேறு கணக்கு.
நொயேமி பென்சிலை எடுக்கிறாள்.
எட்டு மூன்று இருபத்து நாலு,
நாலு போட்டு, மீதி இரண்டு.
உதடு அசைகிறது. சரியாக வருகிறது.
அட்டையில் எழுதுகிறாள்:
அழிந்த எண் 14,400.
ஆசிரியர் கணக்கு. ஓரக்குறிப்பு, அதன் நகல்.

விளக்கை அணைக்குமுன்
ஒரு கணம் யோசிக்கிறாள்,
அடிக்க வந்தவன் எதற்கு
நகலெடுத்து வைத்தான் என்று.
பிறகு பையை மாட்டிக்கொண்டு
பேருந்துக்கு ஓடுகிறாள்.