சந்துச்சு

செவ்வாய்க்கிழமை காலை
சண்டைமீன் போத்தலுக்குள் மல்லாந்து கிடந்தது.
நீலம் கொஞ்சமும் குறையவில்லை.
நாற்காலியில் ஏறிப் பார்த்துவிட்டு ரூபிணி சொன்னாள்:
"அப்பா, மீன் சந்துச்சு."

வாயில் பற்பசை நுரையோடு நின்றேன்.
எங்கே கேட்டாள்?
பாலர் பள்ளியில் இருக்காது. கோமளா சொல்லமாட்டாள்.
செய்தியில் எத்தனையோ விபத்து,
ஒருவர்கூடச் சந்ததில்லை.

ஈசூனில் பேருந்து ஏறி
காத்திப் தாண்டுவதற்குள் பிடிபட்டது.
வா, வந்துச்சு.
தா, தந்துச்சு.
டெங்கி மாதத்தில் மின்மட்டையை வீசிக்கொண்டு
கொசுவைப் பார்த்து "சா, சா" என்று கத்தியது நான்தான்.
மிச்சத்தை அவளே போட்டுக்கொண்டாள்.
சிரிப்பு வந்துவிட்டது.
பக்கத்து இருக்கைக்காரர் போனிலிருந்து நிமிர்ந்தார்.

ஆகும், ஆச்சு என்கிற சந்தில் திரும்பியிருந்தால்
"சாச்சு" என்று வந்து நின்றிருப்பாள்.
அந்தக் கதவும் திறந்துதான் இருந்தது.
ஏனோ வருவதற்கும் தருவதற்கும் பக்கத்தில்
சாவுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள்,
உணவங்காடியில் மேசைமேல்
டிஷ்யூ பொட்டலம் வைப்பதுபோல.

எனக்கு மின்தூக்கி பழுதுபார்க்கிற வேலை.
போன மாதம் பதினோராம் மாடியில்
காத்து நிற்கையில் கேட்டாள்,
"மேல போனா மின்தூக்கி. நாம கீழ போறோம்,
இது மின்இறக்கிதானே?"
பதினேழு வருஷம் கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டவனுக்கு
இது தோன்றவில்லை.
பெட்டி ஏறினால்
சுவரோரம் எதிர்எடை இறங்கும்.
இருட்டில் கிடப்பதால்
எந்த அறிவிப்புப் பலகையிலும் அதற்குப் பெயரில்லை.

மாலையில் பக்கத்து வீட்டு மாச்சிக் ரொஸ்னா
வாசலில் நின்று "சுடா மாத்தி" என்று உச்சுக்கொட்டினார்.
"மாத்தியாச்சா?"
இவள் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.
"எதோட மாத்தினீங்க?"
மலாயில் அதுவும் சாவுதான் என்று எப்படிச் சொல்ல?

மாற்றுவதாகத்தான் இருந்தேன், உண்மையில்.
வேலை முடிந்து மீன்கடைக்குப் போனேன்.
அடுக்கடுக்காய்ப் போத்தல்கள்.
அதே நீலம், அதே வால், அதே நாலு வெள்ளி.
பணப்பையை எடுத்து
திரும்பச் செருகிக்கொண்டேன்.

கோமளா திருத்தினாள்: "செத்துப்போச்சுன்னு சொல்லு."
"செத்துப்போச்சு" என்றாள்,
இருமல் மருந்து குடிப்பதுபோல.
புளோக்குக்குக் கீழே செம்பருத்திப் பாத்தியில் புதைத்தோம்.
மண்வெட்டி இல்லை, சூப்புக் கரண்டிதான்.
எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு
மறுபடி சந்துச்சு என்றாள்.

மூன்று வாரம் கழித்துக் குளியலறையிலிருந்து கூச்சல்:
"அப்பா! கரப்பான் செத்துப்போச்சு!"
பிழையே இல்லை.
கோமளா கைதட்டினாள்.
எனக்குத்தான்
நிற்கவேண்டிய மாடியில் நிற்காமல்
ஏதோ கடந்து போனதுபோல் இருந்தது.

காகிதத்தில் அள்ளிக்கொண்டு போய்
மின்தூக்கிக்குப் பக்கத்துக் குப்பைக்குழாயில் போட்டேன்.
பின்னாலேயே வந்தவள் கேட்டாள்,
"மீன் சந்துச்சே,
அதுவும் இதுவும் ஒண்ணாப்பா?"

"இல்லை" என்றேன். "மீன்தான் சந்துச்சு."
என் வாயில் அது கொஞ்சம் கோணலாக வந்தது.
பக்கத்தில் கதவு திறந்து, மூடி,
யாரும் ஏறாமல்
மின்இறக்கி போயிற்று.