கடைசிப் பந்தி

சிவதாபுரத்தில் எங்கள் பட்டறைக்கு
மூன்று ஜன்னல், இரண்டு திறக்காது.
ஊதுகுழலில் உதடு வைத்து
நாளுக்கு நாற்பது ஜதை கொலுசு பற்றவைக்கிறேன்.
சுடர் கொஞ்சம் சாய்ந்தால் வெள்ளி ஓடிவிடும்.
ஓடியது சேதாரம்.
சேதாரம் என் கூலியில்.

இதைத்தான் பதினைந்து வருஷம் முன்னால்
கட்சி ஆபீசில் எழுந்து நின்று சொன்னேன்,
மைக் இல்லாமல்.
அங்கமுத்து அண்ணன் தன் நாற்காலியை
என் பக்கம் நகர்த்தினார்.
"அறிக்கையில ஏத்திடுவோம் தைலா.
கிலோவுக்கு இவ்வளவுன்னு சட்டமே போடுவோம்."
ஏற்றினார்கள். பக்கம் முப்பத்தொன்று.
'கொசுத் தொழிலாளர் நலவாரியம்' என்று
அச்சாகியிருந்தது.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
அடுத்த தேர்தலில் எழுத்தைத் திருத்தினார்கள்.
அதற்கடுத்ததில் பக்கம் ஐம்பத்தாறுக்குப் போனது.

திட்ட வரவில்லை நான்.
மகளின் காலேஜ் அட்மிஷனுக்கு
வேகாத வெயிலில் மூன்று நாள் கூட அலைந்த தம்பி
இந்தக் கட்சிக்காரன்தான்.
டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

ஆனால் கல்யாண வீடு தெரியும்தானே.
சம்பந்தி வீட்டார் முதல் பந்தி.
கடன் கொடுத்தவர், முகம் சுளித்துக்
கிளம்பிவிடக் கூடியவர், போன விசேஷத்துக்கு வராதவர்
எல்லோருக்கும் அடுத்த பந்தி, ஓடி ஓடி உபசாரம்.
"நீ நம்ம ஆளு, அப்புறம் உக்காந்துக்கலாம்"
என்று தோளைத் தட்டப்பட்டவர்கள்
சாம்பார் வாளி தூக்குவோம்.
மூன்றரை மணிக்கு எங்களுக்கு இலை விழும்போது
வாளியில் காய் இருக்காது,
பாயசத்தில் அடிப்பிடித்த வாசம்.
யாரையும் குறை சொல்ல முடியாது.
எழுந்து போக மாட்டாள் என்று தெரிந்தவளை
யார் உபசரிப்பார்?

இந்தமுறை வேட்பாளர் ஜவ்வரிசி ஆலைக்காரர்.
போனமுறை அந்தப் பக்கம் நின்றவர்.
நான் பசை தடவி ஒட்டிய போஸ்டரை
அவர் ஆட்கள் என் எதிரேயே கிழித்தார்கள்.
"வேற வழியில்ல தைலா,
அவங்க வந்தா இன்னும் மோசம்."
நிஜம்தான்.
பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டுவார்கள் பிள்ளைக்கு.
பூச்சாண்டி இருக்கிறான், ஒத்துக்கொள்கிறேன்.
கிண்ணத்தைத்தான் காணோம்.

பனங்காட்டு முக்கில் ஜீப் நின்றது.
ஆரத்தி எடுத்தேன்.
என் விரலில் இருந்த சூட்டுத் தழும்பைக்
குங்குமம் என்று நினைத்து
நெற்றியைக் குனிந்தார்.

கருப்பூரில் ஓட்டு எண்ணும் இடம்.
கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில்
நானும் அங்கமுத்து அண்ணனும்.
ஜன்னலில் சேர்வராயன் மலை, பாதிக்கு மேல் மேகம்.
தண்ணீர் பிடிக்கும் இடத்தில்
வாழவந்தியிலிருந்து இறங்கி வந்த ஒருத்தி,
எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள்.
அவளுக்கும் எங்கள் கட்சி பேட்ஜ்.
வீட்டுமனைப் பட்டா கேட்டாளாம்.
"எத்தனாவது பக்கம்?" என்றேன்.
"முப்பத்திரண்டு."
பதினைந்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில்
குடியிருந்திருக்கிறோம்.

நாலாவது ரவுண்டிலேயே ஜெயம் தெரிந்துவிட்டது.
வெளியே வெடி.
எங்கள் பூத் மிஷின் வந்தது, நூற்று நாற்பத்து மூன்று.
அதிகாரி வாசிக்க வாசிக்க
அண்ணன் பால்பாயிண்டில் குறித்துக்கொண்டே வந்தார்,
நமக்கு, அவங்களுக்கு, சுயேச்சைக்கு.
கடைசியில்,
நோட்டா மூன்று.
ஒன்று என்னுடையது.
மற்ற இரண்டு?
பனங்காடு முழுக்க ஒவ்வொரு முகமாக
மனசுக்குள் நடந்து பார்த்தேன்.
அண்ணன் அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை.
பேனா மூடியைப் போட்டுவிட்டு,
"இது நம்ம கணக்குல வராது" என்றார்
என்னைப் பார்க்காமல்.