பாதிக் கூலி

எட்டு வருடமாக
பெட்ராக்கேயின் இடது கன்னத்தில் மட்டும்
என் கத்தி கொஞ்சம் வளைந்து போகும்.

காது மடலுக்குக் கீழே
முதலில் ஒரு பட்டாணி.
பிறகு, கொட்டை எடுக்காத ஆலிவ்.
வலிக்கிறதா என்றால் இல்லை என்பார்.
கொன்ஸ்டான்ட்ஸா துறைமுகத்தில்
முப்பது மீட்டர் உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு
வலிக்காத எதுவும் நோயில்லை.

இந்த மார்ச்சில், சோப்பு நுரைக்கு அடியில்
அது வால்நட் ஆகியிருந்தது.
கத்தியை மடித்து வைத்துவிட்டேன்.
"டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான்
இன்னொரு பக்கம்."
வலப்பக்கம் பளபளக்க
இடப்பக்கம் நுரையோடு
என் அம்மாவைத் திட்டிக்கொண்டே
தெருவில் இறங்கிப் போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள்.
மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தார்கள்.
இப்போதைக்குக் கெட்ட கட்டி இல்லை,
விட்டுவைத்தால் ஒருநாள் கெடலாம்
என்றாராம் டாக்டர் இலின்கா.
எச்சில் சுரப்பிக்குள் ஒரு நரம்பு நுழைந்து
ஐந்தாகப் பிரிகிறதாம்,
நெற்றிக்கு, இமைக்கு, கன்னத்துக்கு, உதட்டுக்கு, தாடைக்கு.
கட்டி அதன் மேலேயே குந்தியிருந்தது.
ஓர் இழையும் அறாமல்
நாலு மணி நேரம் கத்தி பிடித்திருக்கிறாள் ஒருத்தி.
இருபத்தாறு வருடத் தொழில்காரன் நான்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை,
பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரம் வந்தார்.
காதின் முன்னால் இறங்கி, மடலைச் சுற்றி,
கழுத்துக்குள் மறைகிறது தழும்பு.
ஆஸ்பத்திரியில் தினமும் கேட்பார்களாம்:
புருவத்தைத் தூக்குங்கள்,
கண்ணை இறுக்கி மூடுங்கள்,
பல்லைக் காட்டுங்கள்,
கன்னத்தை ஊதுங்கள்.
கடைசி வாக்கியம் என்னுடையது.
ஊதச் சொன்னேன்.
உதட்டின் இடது ஓரத்தில்
காற்று புஸ்ஸென்று போனது.
இருவரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.
மடலில் கத்தி பட்டு ரத்தம் வந்தது,
அவரோ கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்.
அந்த இடம் மரத்துவிட்டதாம்.
படிகாரத்தை அழுத்திக்கொண்டே
பேச்சை வளர்த்தேன்.

அக்டோபரில் எதிர்க்கடையில்
புளித்த சோர்பா குடிக்கும்போது
இடது கன்னத்தில் மட்டும் கோடாக வழிந்தது வியர்வை.
அழுகிறாரோ என்று பரிமாறுகிறவள் துண்டு நீட்டினாள்.
சுரப்பியை இழந்த நரம்பு
வீடு தேடி அலைந்து
வியர்வையின் கதவைத் தட்டுகிறதாம்.
நாக்கில் புளிப்பு பட்டால்
எச்சில் ஊறுகிற கணக்கில் கன்னம் ஊறுகிறது.
அயோடின் பூசி, மாவு தூவி,
எலுமிச்சைத் துண்டு கொடுத்திருக்கிறார்கள்.
கருநீலமாக ஒரு தீவு தோன்றியது.
அந்தப் படத்தை போனில் வைத்துக்கொண்டு
பேரன் பிறந்தது மாதிரி
துறைமுகம் முழுக்கக் காட்டுகிறார்.
ஊசி போட்டால் நிற்குமாம், வேண்டாம் என்றிருக்கிறார்.

நேற்று ஊதச் சொன்னேன்.
இரண்டு கன்னமும் நின்றன.
இனி நேராகப் போகலாம்,
ஆனாலும் அந்த இடத்தில்
கை பழைய வளைவையே வளைகிறது.

எழுந்து, துண்டை உதறி,
காசை எண்ணி வைத்தார். குறைந்தது.
"மார்ச்சில் பாதி முகத்துக்கு
முழுக் கூலி வாங்கினாயே."