துளை விட்டம்

ஒன்பதேகாலுக்கு ஆத்தூரிலிருந்து போன்.
"புது ஹப் ஆடுதும்மா" என்றார் அர்த்தநாரி.
வணக்கம் இல்லை, நலமா இல்லை.
அவர் குரலுக்குப் பின்னால்
பதினோரு டிராக்டர் கிழங்கு நின்றிருந்தது.

மரவள்ளி இரண்டு நாள் தாங்காது.
ஒடித்தால் வெள்ளைக்குள்
நீலக்கோடு ஓடத் தொடங்கியிருக்கும்.
அப்புறம் ஜவ்வரிசியில் நிறம் தேறாது,
விலையும்.

சூரமங்கலத்தில், பட்டறைக்கு மேல்மாடியில்,
ஏசி ஒழுகும் பக்கெட்டுக்கு அருகில் உட்கார்ந்து
கோப்பைத் திறந்தேன்.
ஆத்தூர் ராஸ்பர். மூன்று வருடம் முந்தையது.
ஹப்பைச் சுட்டியால் தொட்டேன்: துளை ஐம்பத்தைந்து.
கீழே மாதேசன் கடைந்து அனுப்பியதும் ஐம்பத்தைந்து.
வரைபடத்தின்படி ஒரு தப்பும் இல்லை.

குறுக்கே வெட்டிப் பார்த்தேன்.
தண்டு ஐம்பதுதான்.
தண்டுக்கும் ஹப்புக்கும் நடுவே
மெல்லிசாக ஒரு கறுப்பு வளையம்,
தீக்குச்சி நுழைகிற அகலம்.
யாரும் வரையாத வளையம்.

ஹப்பின் பெயருக்குப் பக்கத்தில்
எறும்பளவு சங்கிலிக் குறி.
அதைப் பிடித்துக்கொண்டே போனால்
'பொது' என்றொரு கோப்பு.
அதிலிருந்து ஏழு எந்திரங்களுக்கு
இணைப்போடு நகல் போயிருக்கிறது.
போட்டவள் நஸ்ரின், இப்போது ஓசூரில்.

நாமகிரிப்பேட்டைக்காரர் பெரிய மோட்டார் கேட்டார் என்று
போன தையில் அங்கே ஒரே ஒரு எண்ணை மாற்றினேன்.
அடுத்த முறை ஆத்தூர் கோப்பைத் திறந்தபோது
அது கேட்டிருக்கும்: மூலம் மாறியுள்ளது, புதுப்பிக்கவா?
படிக்காமல் 'ஆம்' அழுத்துகிற விரல்
இந்த அலுவலகத்தில் என்னுடையது மட்டும்தான்.

"நீங்கதானே அக்கா கேட்டீங்க" என்றாள் நஸ்ரின்.
"ஏழு இடத்துல ஏழு தடவை திருத்த முடியாதுன்னு."
கேட்டேன்.
செய்து காட்டிய அன்று
முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்கூட.

ஆத்தூரில் சுற்றுகிற தண்டுக்கு
யாரும் இணைப்பு கொடுக்கவில்லை.
அது ஐம்பதிலேயே நின்றுவிட்டது,
சொன்ன சொல்லில் நிற்கிற ஆளைப் போல.
இல்லை, அப்படியெல்லாம் இல்லை.
இரும்புக்கு வேறு வழி தெரியாது.

படியிறங்கி மாதேசனிடம் சொன்னேன்:
அந்த வளையத்தையே கடைஞ்சு குடுங்க.
வெளியே ஐம்பத்தைந்து, உள்ளே ஐம்பது.
"கீவே?"
வெட்டிடுங்க.
"படம்?"
அப்புறம் வரையறேன்.

பன்னிரண்டரை ஆத்தூர் பஸ்ஸில்
கண்டக்டர் சீட்டுக்கு அடியில்,
நேற்றைய பேப்பரில் சுற்றி,
சூடு ஆறாத பித்தளை.

மாலை நாலரைக்கு உருளை ஓடியது.
ஒன்பது லோடு அரைத்தார்கள்.
மீதி இரண்டைப் பற்றி
அர்த்தநாரி எதுவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

இருட்டியபின் வளையத்தை வரைந்தேன்.
ஆத்தூர் கோப்பில் ஒட்டும்போது
திரை வழக்கம்போலக் கேட்டது:
இணைப்போடா, இல்லாமலா?
இந்த முறை படித்தேன்.
ஹப்பின் சங்கிலியையும் அறுத்தேன்.
மீட்க முடியாது என்றது. சரி.

மற்ற ஆறையும் ஒவ்வொன்றாக
வெட்டிப் பார்த்தேன்.
இன்னும் இரண்டில் அதே கறுப்பு வளையம்.
வாழப்பாடிக்காரருக்கு நானே போன் போட்டேன்:
உங்க தண்டை ஒருதரம் அளந்து சொல்றீங்களா?

"எதுக்கும்மா" என்றார்,
"நல்லாத்தானே ஓடுது."